ஜாஸ் பாடுகிறவர், ஃப்ளூட்டும் வாசிக்கிறவர்: பிரேசில் இசைக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவர் ஜாஸ் பாடுகிறார், ஃப்ளூட்டும் வாசிக்கிறார். மேடையில் ‘கேர்ள் ஃப்ரம் இபனேமா’வையும் ‘கோர்கொவாடோ’வையும் ஆங்கிலத்தில் பாடிப் பாடி அலுத்துவிட்டதாம். பிரேசில் இசைக்குள் உண்மையாகவே போக வேண்டுமென்றால் குரலிலிருந்து ஆரம்பிப்பதா, ஃப்ளூட்டிலிருந்து ஆரம்பிப்பதா? போர்ச்சுகீஸ் தெரியாமல் முடியுமா? பாடுவதையும் வாசிப்பதையும் ஒரே ஆள் ஒரே பாட்டில் எப்படிச் சேர்ப்பது?

முதலில் நேரடியான பதில். ஃப்ளூட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் பாடி அலுத்த அந்தப் பாட்டுகளின் பாணியான போசா நோவாவைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிட்டு, ரியோவின் பழைய வாத்திய இசையான ஷோரோவுக்குப் போங்கள். ஒரே ஒரு உருப்படியைத்தான் ஒழுங்காகப் படிக்க நேரமிருக்கிறது என்றால் அது ஃப்ளூட் கலைஞர் பிஷிங்கீன்யாவின் ‘கரின்யோசோ’வாக இருக்கட்டும். குரலைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். ஃப்ளூட்டில் தாளம் உட்கார்ந்தவர்களுக்குப் பாட்டில் அது சீக்கிரம் வந்துவிடுகிறது. பாட்டில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் போசா நோவா பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ மாதிரி முணுமுணுக்கக் கற்றுக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஜாஸ்காரர்களுக்குப் பிரேசில் என்பது 1962-இல் பிறந்த நாடு. அந்த வருஷம் பிப்ரவரி 13 அன்று வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தில் வைத்து ஸ்டான் கெட்ஸும் சார்லி பேர்டும் ‘ஜாஸ் சம்பா’வைப் பதிவு செய்தார்கள். நவம்பரில் கார்னகி ஹாலில் அந்தப் பிரபலமான போசா நோவா கச்சேரி நடந்தது. அடுத்த மார்ச்சில் ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’ பதிவானது, அதற்கு 1965-இல் கிராமியும் கிடைத்தது. இந்தக் கதையில் முன்னால் நிற்பது கெட்ஸின் டெனர் சாக்ஸபோன். ஃப்ளூட்டோ, அதற்குப் பின்னால் வந்த ஹோட்டல் லாபி இசையில் மேலே தூவிய அலங்காரமாகத்தான் பலர் காதில் தங்கிவிட்டது. விதிவிலக்கு அமெரிக்க ஃப்ளூட்காரர் ஹெர்பி மேன். அவர் 1962 அக்டோபரில் ரியோவுக்கே போய் பேடன் பவல், செர்ஜியோ மென்டெஸ் குழு ஆகியோரோடு பதிவு செய்தார். ‘ஒன் நோட் சம்பா’வை அதில் அதற்கு இசையமைத்த ஜோபிமே பாடுகிறார். அந்த ஆல்பத்தில் மேனின் ஃப்ளூட் சில இடங்களில் தாளத்துக்கு மேலே மிதக்கிறது, சில இடங்களில்தான் தாளத்துக்குள் இறங்குகிறது. அந்த வித்தியாசத்தைக் காதில் பிடிக்க முடிந்தால் மேற்கொண்டு நான் சொல்லப்போவதில் பாதி புரிந்த மாதிரி.

பிரேசிலில் வரிசையே வேறு. ரியோ நகரத்துக்கென்று உருவான முதல் வாத்திய இசை ஷோரோ. 1870-கள் வாக்கில் அது திரண்டபோது தலைமை வாத்தியமே ஃப்ளூட்தான், அதாவது போசா நோவாவுக்குச் சுமார் 90 வருஷம் முன்னால். ஜோவாகிம் கலாடோ (1848–1880) என்ற கறுப்பின ஃப்ளூட் கலைஞர் நடத்திய குழுவில் ஒரு ஃப்ளூட், இரண்டு கித்தார், ஒரு கவக்கீன்யோ, அவ்வளவுதான். கவக்கீன்யோ என்பது நாலு கம்பி உள்ள சின்னக் கித்தார், உக்குலேலேவின் நெருங்கிய சொந்தம். இந்தக் குழுக்களில் நோட்டு படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஃப்ளூட்காரர் மட்டும்தான். மற்றவர்கள் காதால் கேட்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, பிடித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து 1840-களில் வந்திறங்கிய போல்கா நடனத்தை எடுத்து, ஆப்பிரிக்க வழித் தாளங்கள் புழங்கிய ஒரு ஊரின் கையால் வாசித்தபோது கிடைத்ததுதான் ஷோரோ.

இதில் ஃப்ளூட்காரர்களுக்கு மட்டும் ருசிக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. அதே காலத்தில் ரியோவில் மாத்தியூ ஆந்த்ரே ரெய்ஷெர்ட் என்ற பெல்ஜியத்துக்காரர் இருந்தார். 1859-இல் வந்தவர், இன்றைக்கு நாம் வாசிக்கிற போம் முறை ஃப்ளூட்டை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர். கலாடோவோ சாவிகள் குறைந்த பழைய மர ஃப்ளூட்டை விடவில்லை. இருவரும் ஒருவர் வாசிப்பை ஒருவர் கேட்டார்கள், இருவரும் அதே 1880-லேயே இறந்தும் போனார்கள். ரெய்ஷெர்ட்டின் கச்சேரி வித்தையும் கலாடோவின் தெருவாசிப்பும் சேர்ந்துதான் பிரேசில் ஃப்ளூட்டின் குணம் உருவானது. பெரிய தாவல்கள், கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் மாற்றி மாற்றித் தொட்டு இரண்டு பேர் வாசிப்பது போலக் காட்டுவது, நாக்கு சுத்தம், அவசரப்படாத வேகம்.

அந்தக் கால ஃப்ளூட்காரர்களுக்கு இன்னொரு பொழுதுபோக்கும் இருந்தது. கித்தார்காரர்களை விழ வைப்பது! எதிர்பாராத இடத்தில் சுருதி மாற்றி, கார்டு தெரியாமல் அவர்கள் திணறுகிறார்களா என்று பார்ப்பார்கள். விழுந்தால் சிரிப்பு, விழாவிட்டால் மரியாதை. இந்த விளையாட்டுக் குணம் இன்றும் ஷோரோவில் இருக்கிறது. போசா நோவாவை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்குப் பிரேசில் என்றாலே மென்மை, மாலை நேரம், கடற்கரை.

பத்தாபியோ சில்வாவை (1880–1907) ஒருமுறையாவது கேளுங்கள். 26 வயதில் இறந்துபோனவர், பிரேசிலின் ஆரம்பக்கால ஃப்ளூட் பதிவுகள் அவருடையவை. சத்தம் கரகரவென்றுதான் இருக்கும், ஆனால் நாக்கு வேலை துல்லியமாகக் கேட்கும்.

சரி, பிஷிங்கீன்யா. நிஜப் பெயர் ஆல்ஃப்ரெடோ டா ஹோஷா வியானா ஃபில்யோ, 1897–1973. 1919-இல் ‘ஒய்ட்டோ பட்டூட்டஸ்’ என்ற எட்டுப் பேர் குழுவோடு ரியோவின் சினி பாலே திரையரங்கின் முன்கூடத்தில் வாசிக்க ஆரம்பித்தார். கறுப்பின இசைக்கலைஞர்கள் கனவான்கள் வந்துபோகிற இடத்தில் வாசிப்பதா என்று பத்திரிகைகளில் முணுமுணுப்பு எழுந்தது. வெளியே கூட்டமோ அவர்களைக் கேட்கவே வந்தது. 1922-இல் அவர்கள் பாரிஸ் போனபோது, இவர்களா பிரேசிலின் முகம் என்று இன்னும் மோசமாக எழுதினார்கள். பாரிஸில் அமெரிக்க ஜாஸ் குழுக்களைக் கேட்டார், கையில் ஒரு சாக்ஸபோனோடு திரும்பினார். ஜாஸும் பிரேசிலும் 1962-இல்தான் சந்தித்தன என்று யாராவது சொன்னால் இந்த நாற்பது வருஷ இடைவெளியை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

‘கரின்யோசோ’வை அவர் 1917 வாக்கில் எழுதினார். ஷோரோ என்றால் மூன்று பகுதி இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாவது இரண்டு முறை, மறுபடி முதலாவது, அப்புறம் சுருதி மாறி மூன்றாவது இரண்டு முறை, கடைசியாக மீண்டும் முதலாவது. இதில் இரண்டே பகுதிதான் இருந்தது. அதனால் பத்து வருஷத்துக்கு மேல் பெட்டியிலேயே கிடந்தது. 1928-இல் பதிவானபோது, அமெரிக்க இசையின் பாதிப்பு அதிகம் என்று விமர்சகர் ஒருவர் குறை சொன்னார். 1937-இல் ஜோவாவ் டி பாஹோ வரிகள் எழுத, ஓர்லாண்டோ சில்வா பாடினார். அதற்குப் பிறகு அது வெறும் பாட்டாக இல்லை. பிரேசிலில் எந்தக் கூட்டத்திலும் நீங்கள் முதல் வரியைத் தொடங்கினால் மீதியைக் கூட்டமே பாடி முடிக்கும்.

உங்களுக்கு இது ஏன் பொருத்தம் என்றால், ஒரு ஃப்ளூட்காரர் எழுதியது, முதலில் வாத்திய உருப்படியாக இருந்தது, பிறகு குரலுக்கு வந்தது, ஜாஸ் மாதிரி இருக்கிறது என்று திட்டும் வாங்கியது. நீங்கள் போக வேண்டிய பாதை முழுவதும் இந்த ஒரு உருப்படிக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் கார்டு அப்படியே நிற்க, உள்ளே ஐந்தாம் ஸ்வரம் மட்டும் அரைச் சுருதி ஏறி, ஆறாவதைத் தொட்டு, மறுபடி இறங்கும். அந்த உள்வரியை முதலில் ஃப்ளூட்டில் தனியாக வாசியுங்கள். அப்புறம் மெட்டு. அப்புறம்தான் வரிகள். மெட்டைப் பாடும்போது அந்த உள்வரி உங்கள் காதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் சோகக் காதல் பாட்டாகிவிடும்.

பிஷிங்கீன்யா 1946 முதல் சில வருஷங்கள் ஃப்ளூட்டைக் கீழே வைத்துவிட்டு டெனர் சாக்ஸ் எடுத்து, பெனெடிட்டோ லசெர்டாவின் ஃப்ளூட்டுக்குக் கீழே எதிர்மெட்டு வாசித்த பதிவுகள் இருக்கின்றன. பணக் கஷ்டத்தில் செய்துகொண்ட ஏற்பாட்டில் லசெர்டா பெயரும் பல உருப்படிகளில் இணையாசிரியராக ஏறியது, அது தனிக் கதை. அந்தப் பதிவுகள்தான் பாடப்புத்தகம். ஃப்ளூட் பகுதியை மட்டும் எடுத்து வாசித்துவிட்டு முடித்துவிடாதீர்கள். சாக்ஸ் பகுதியைப் பாடுங்கள். ஆமாம், வாயால், அசைகளை வைத்து. எதிர்மெட்டு எந்த இடத்தில் மூச்சு விடுகிறது, மெட்டு நீண்டு நிற்கும்போது அது எப்படிப் புகுந்து வருகிறது என்பதைக் குரல் கற்றுக்கொண்டால் பிற்பாடு கித்தார்காரரோடு நீங்கள் பாடும்போது அது கை கொடுக்கும். ‘உம் அ ஸீரோ’ என்ற உருப்படியும் அந்தத் தொகுப்பில் உண்டு. 1919-இல் உருகுவேயைப் பிரேசில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த கால்பந்து ஆட்டத்துக்காக எழுதியது. வேகமாக வாசிக்கத் தோன்றும். மெதுவாக ஆரம்பியுங்கள்.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஜாஸ்காரர்கள் இடறுவது இங்கேதான். ஸ்விங்கில் ஒரு அடியை மனதுக்குள் மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் வாசிக்கிறோம். சம்பாவும் ஷோரோவும் ஒரு அடியை நாலாகப் பிரிக்கின்றன. கொன்னக்கோல் சொன்னவர்களுக்கு இது சதுஸ்ர நடைதான், தகதிமி. ஆனால் நாலும் சமமாக இருந்தால் அது மெட்ரோனோம், சம்பா இல்லை. பந்தேய்ரோ என்ற, கஞ்சிரா மாதிரியான தாளக்கருவியை வாசிப்பவரின் கையைக் கவனியுங்கள். நாலில் முதலாவதும் நாலாவதும் கொஞ்சம் கனமாக இருக்கும், நடுவில் உள்ள இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டு ஓடும். அதோடு பெரிய அடி, அதாவது சுர்டோ என்ற பெரிய முரசின் அடி, இரண்டாவது அடியில் விழும். இரண்டு அடித் தாளத்தில் முதல் அடி லேசு, இரண்டாவது கனம். காலால் இரண்டாவதை மிதித்துக்கொண்டு வாயால் தகதிமி சொல்லி, ‘த’வுக்கும் ‘மி’க்கும் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். அது உடம்பில் ஏறும்வரை ஃப்ளூட்டைத் தொட வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

ஜாஸ்காரர்கள் வைத்திருக்கும் பாட்டு நோட்டுத் தொகுப்பான ‘ரியல் புக்’கில் போசா நோவா பாட்டுகள் நாலு அடித் தாளத்தில், இரட்டிப்பு நீளத்தில் எழுதப்பட்டிருக்கும். பிரேசிலில் எழுதுவது இரண்டு அடித் தாளத்தில். தாளில் பார்க்கும்போது இது சின்ன விஷயம், வாசிக்கும்போது பெரிய வித்தியாசம். நாலு அடியாகப் படித்தால் வாக்கியம் நடக்கும், இரண்டடியாகப் படித்தால் உருளும். அந்தப் புத்தகத்தின் சுருதிகளையும் நம்பி இருக்க வேண்டாம். இபனேமா பாட்டு அதில் எஃப்-இல் இருக்கும், ஜில்பெர்ட்டோ தம்பதி பாடிப் புகழ்பெற்ற பதிவு டி ஃப்ளாட்டில். ஜோபிமுக்கு ஆல்மிர் ஷெதியாக் தொகுத்த பாட்டுப் புத்தகங்களை வாங்குங்கள். கார்டுகளைச் சம்பந்தப்பட்ட இசையமைப்பாளர்களிடமே காட்டித் திருத்தி வெளியிட்டவர் அவர்.

இப்போது குரல். ஜோவாவ் ஜில்பெர்ட்டோவைத் தவிர்க்கச் சொல்லவில்லை, தள்ளிப் போடத்தான் சொன்னேன். 1958-இல் வந்த அவருடைய ‘ஷேகா ஜி சவுடாஜி’யை ஷோரோ வாசித்துவிட்டு வந்து கேட்டால் வேறு மாதிரி கேட்கும். முதலில் கேட்பதே ஃப்ளூட். வாசித்தவர் கோப்பீன்யா, ஷோரோவில் ஊறிய ஆள். பாட்டின் மெட்டும் மைனர் சுருதியில் தொடங்கி மேஜர் சுருதிக்குத் திரும்புகிற விதமும் ஷோரோ வழி வந்தவையே. புதுசு என்று உலகம் கொண்டாடியது ஒரு பழைய வீட்டின் மாடியில் கட்டிய புது அறை.

ஜில்பெர்ட்டோ செய்த நிஜமான புதுமை கித்தாருக்கும் குரலுக்கும் இடையே. கட்டைவிரல் சுர்டோவாக நிற்கும், மற்ற விரல்கள் தம்போரிம் என்ற சின்ன முரசாக அடிக்கும், அதற்கு மேல் குரல் வரியை முன்னே தள்ளும் அல்லது பின்னே இழுக்கும், கித்தார் இம்மியும் நகராது. ஜாஸ் பாடகர்களுக்கும் பின்னே இழுக்கத் தெரியும். ஆனால் ஜாஸில் குழுவும் கூடவே கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். இங்கே கொடுக்காது. விப்ராட்டோவை, அதாவது ஸ்வரத்தின் நடுக்கத்தை, கழற்றி வைத்துவிட்டுப் பாடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் விப்ராட்டோ போனால் மட்டும் போதாது. வாக்கியத்தின் கடைசி ஸ்வரத்தைச் சீக்கிரம் விட்டுவிடக் கற்றுக்கொள்ள வேண்டும். ஜாஸ் பேலட் பாடிப் பழகியவர்களுக்கு அந்தக் கடைசி ஸ்வரம்தான் உயிர், அதை விடச் சொன்னால் மனசு வராது. ஃப்ளூட்டில் இதைப் பழகுவது சுலபம், மூச்சை நிறுத்தினால் நின்றுவிடும்.

மென்மையாகப் பாடுவது மட்டுமே பிரேசில் குரல் என்று நினைத்தால் அடெமில்ஜி ஃபொன்செக்காவைக் கேளுங்கள் (1921–2012). ஃப்ளூட்டும் கவக்கீன்யோவும் வாசிக்கிற அதே வேகத்தில், ஒரு ஸ்வரத்துக்கு ஒரு அசையாக, வார்த்தைகளோடு பாடியவர். 1942-இல் ‘டிக்கோ டிக்கோ நோ ஃபுபா’, 1950-இல் ‘பிரசிலெய்ரீன்யோ’. மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கண்டுபிடிக்கவே சில நாள் ஆகும். ஃப்ளூட் வாசிப்பவர்களுக்கு அவர் நல்ல குரு, ஏனென்றால் அவர் செய்வது நாக்கு வேலை. லெனி ஆண்ட்ராஜி (1943–2023) ஜாஸ் ஸ்காட்டை, அதாவது வார்த்தையில்லாமல் அசைகளில் கற்பனையாகப் பாடுவதை, சம்பாவின் தாளத்தில் வைத்துப் பாடியவர், கோபகபானாவின் சின்ன கிளப்புகளில் சம்பா-ஜாஸ் கொதித்த காலத்திலிருந்து. உங்கள் ஸ்காட் அசைகளை மாற்ற வேண்டியிருக்கும். ‘ஷூபி டூபி’ மூன்றாகப் பிரிகிற தாளத்துக்குப் பிறந்த அசை, அதை இங்கே கொண்டுவந்தால் தடுக்கும். தம்போரிம் பேசுகிற மாதிரியான ‘டெலெகோடெகோ’ வகை அசைகள் பொருந்தும்.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கச்சேரிப் பதிவு உண்டு. 1968 பிப்ரவரி 19, ரியோவின் ஜோவாவ் கெயட்டானோ அரங்கு. எலிசெட் கர்டோசோ பாட, ஒரு பக்கம் ஜக்கோப் டோ பந்தொலிம்மும் அவருடைய எப்போகா டி ஓரோ ஷோரோக் குழுவும், இன்னொரு பக்கம் சிம்போ ட்ரியோ என்ற ஜாஸ் ட்ரியோ. ஒரே குரல் இரண்டு உலகத்தோடும் எப்படி நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்கர்களில் சேரா வான், 1977-இல் ரியோவுக்கே போய் மில்ட்டன் நசிமென்டோ, டோரி கைமி போன்றவர்களோடு பாடியது எனக்குப் பிடிக்கும். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் ஜோபிம் ஆல்பம் (1981) பிடிக்காது. எல்லா மேல் குறையில்லை, தாளப் பகுதி லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியே வரவில்லை என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

போர்ச்சுகீஸ் தெரியாமல் பாட முடியுமா? உச்சரிப்பு தெரியாமல் முடியாது, இலக்கணம் தெரியாமல் முடியும். ஆங்கில வரிகளில் பெரிய சங்கடம் தாளம்தான். மூலத்தில் குட்டிக் குட்டி அசைகள் நாலாகப் பிரிந்த இடங்களில் உட்கார்ந்திருக்கும், ஆங்கிலத்தில் அவற்றைச் சேர்த்து நீட்டிவிடுவார்கள், மெட்டு தட்டையாகிவிடும். மூல வரிகளைப் பாட்டாக இல்லாமல் பேச்சாக, தாளத்தில் சொல்லிப் பழகுங்கள். ரியோ உச்சரிப்பில் ‘di’ என்று எழுதியது ‘ஜி’ ஆகும், ‘ti’ என்று எழுதியது ‘ச்சி’ ஆகும், வார்த்தை முடிவில் வரும் ‘ல்’ ஒலி ‘உ’வாகக் குழையும். பயமுறுத்துகிற மூக்கொலி உயிர்களுக்குத் தமிழ் பேசுகிறவர்கள் பயப்படவே வேண்டாம். பேச்சில் ‘அவன்’, ‘மரம்’ என்று சொல்லும்போது கடைசி மெய் மூக்கில் கரைந்துபோகிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இரண்டையும் சேர்ப்பதற்கு வருவோம். மூன்று வழிகள் எனக்குத் தெரிந்து வேலை செய்கின்றன, மூன்றும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து.

சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ முதல் ஆல்பம் 1972 பிப்ரவரியில் பதிவானது. அதில் ஃப்ளூட் ஜோ ஃபாரெல், குரல் ரியோவில் பிறந்த ஃப்ளோரா புரிம், ட்ரம்ஸும் தாளக்கருவிகளும் அவர் கணவர் அயர்ட்டோ மொரெய்ரா. ஆல்பத்தின் பெயர் கொண்ட உருப்படியில் புரிம் வார்த்தையே இல்லாமல் பாடுகிறார், குரலே இன்னொரு ஊதுவாத்தியமாக நிற்கிறது. நீங்கள் தனி ஆள் என்பதால் இதை நேரடியாகச் செய்ய முடியாது. ஆனால் வார்த்தையில்லாமல் மெட்டைப் பாடி, அதே வாக்கியத்தை ஃப்ளூட்டில் பதிலாகச் சொல்லலாம். பாடும்போதும் வாசிக்கும்போதும் ஸ்வரத்தைத் தொடங்குகிற விதம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் இதில் கஷ்டம்.

டனீலோ கைமி வேறு மாதிரி. பாஹியாவின் பெரிய பாடகர் டோரிவல் கைமியின் மகன், ஃப்ளூட் வாசிப்பார், பாடவும் செய்வார். ஜோபிமின் கடைசிக் காலக் குழுவில் இருந்தவர். அந்தக் குழுவில் ஐந்து பெண் குரல்கள், பெரும்பாலும் வீட்டு ஆட்கள். 1987-இன் ‘பஸ்ஸரீம்’ ஆல்பத்தைக் கேட்டால் குரல்களுக்கு நடுவே ஃப்ளூட் எவ்வளவு குறைவாக, எவ்வளவு கீழே வாசிக்கிறது என்று தெரியும். அங்கே ஃப்ளூட்டுக்கு சோலோ என்று பெரிதாக எதுவும் கிடையாது. பாட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடத்தை நிரப்பாமல், அந்த இடத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. இதைப் பழகுவதற்குப் பொறுமை வேண்டும், பாடிக்கொண்டிருந்த வாய்க்கு உடனே ஃப்ளூட்டில் உதடு அமையாது. பாட்டு முடிந்து நாலு அடியாவது இடைவெளி வைத்து ஏற்பாடு செய்யுங்கள், கித்தார்காரர் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது வழி எர்மெட்டோ பஸ்குவால். 1936-இல் அலகோவாஸ் மாநிலத்தின் லகோவா டா கனோவாவில் பிறந்தவர், 2025 செப்டம்பரில் காலமானார். ஃப்ளூட்டுக்குள்ளேயே பாடுவார், கத்துவார், சிரிப்பார். ஊதிக்கொண்டே பாடுவது ஜாஸிலும் உண்டு, ரோலண்ட் கிர்க் செய்தார். ஆனால் கிர்க்குக்கு அது ப்ளூஸின் கரகரப்பு, எர்மெட்டோவுக்கு அது வடகிழக்கு பிரேசிலின் நாட்டார் ஃப்ளூட் சத்தம். பழகுவதற்கு: கீழ் ஸ்வரம் ஒன்றை ஊதிக்கொண்டு அதே ஸ்வரத்தைப் பாடுங்கள், பிறகு குரலை மட்டும் ஐந்தாவதுக்கு நகர்த்துங்கள். இரண்டும் மோதி மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்கும். கேட்டதும் ஆசையாக இருக்கும், எல்லாப் பாட்டிலும் செய்யத் தோன்றும். ஒரு கச்சேரியில் ஒரு தடவை போதும்.

எர்மெட்டோ வழியாக வடகிழக்குக்குப் போனால் பையாவ் தாளமும் பீஃபனோ என்ற மூங்கில் குழலும் கிடைக்கும். ஆறு துளை, குறுக்காகப் பிடித்து ஊதுவது, கூட சபும்பா முரசும் தட்டுகளும். கருவாரு பீஃபனோ குழுவின் வாசிப்போடுதான் ஜில்பெர்ட்டோ ஜிலின் 1972 ஆல்பம் ‘எக்ஸ்ப்ரெஸ்ஸோ 2222’ தொடங்குகிறது. இந்தப் பகுதி மெட்டுகளில் அடிக்கடி வரும் ஸ்வர வரிசை ஒன்று கர்நாடக இசை தெரிந்தவர்களைத் திடுக்கிட வைக்கும்: பிரதி மத்திமம், கைசிகி நிஷாதம், மற்றபடி மேஜர் சுருதியின் ஸ்வரங்கள், அதாவது அப்படியே வாசஸ்பதி. கமகம் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அங்கே அது நேராக நிற்கிற ஸ்வரம். எர்மெட்டோ 1967-இல் அயர்ட்டோ, ஹெரால்டோ டோ மோன்டே, தேயோ டி பாஹோஸ் ஆகியோரோடு செய்த ‘குவார்த்தெட்டோ நோவோ’ ஆல்பம் இதற்கு நல்ல நுழைவு. அதில் ஃப்ளூட் வாசிப்பதும் அவரே.

ரியோவுக்கே போக வாய்ப்பிருந்தால் ஹுவா டா கரியோகா தெருவில் 2015 முதல் ஷோரோவுக்கென்று ஒரு வீடு இருக்கிறது, கசா டோ ஷோரோ. அங்கே மட்டுமில்லை, எந்த மதுக்கடை மேசையைச் சுற்றியும் ஷோரோ நடக்கலாம், அதற்கு ஹோடா என்று பெயர். மரியாதை முக்கியம். நோட்டுத் தாளோடு உட்காராதீர்கள். ஜாஸ் ஜாம் மாதிரி கார்டுகள் மேல் சுற்றுச் சுற்றாக சோலோ எடுக்காதீர்கள், ஷோரோவில் கற்பனை என்பது மெட்டை விட்டுப் போவதல்ல, திரும்ப வரும் பகுதியை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வாசிப்பது. அல்தமீரோ கரீல்யோ (1924–2012) ஒரே பகுதியை மூன்று தடவை வாசிப்பதைக் கேளுங்கள், மூன்றிலும் மெட்டு அப்படியே இருக்கும், ஒன்றும் ஒரே மாதிரி இருக்காது.

உங்கள் ஊரிலேயே ஒரு சின்னக் குழு சேர்ப்பதாக இருந்தால் முதலில் பந்தேய்ரோ வாசிக்க ஒருவரையும் நைலான் கம்பிக் கித்தாருக்கு ஒருவரையும் பிடியுங்கள், ஏழு கம்பி கிடைத்தால் அதிர்ஷ்டம். பியானோகாரரும் ட்ரம்ஸ்காரரும் நண்பர்களாகவே இருந்தாலும் முதல் சில மாதங்கள் கூப்பிடாதீர்கள். ட்ரம்ஸ்காரர் நல்லவர்தான், ஆனால் அவர் ரைட் சிம்பலைத் தொட்ட அடுத்த நிமிஷம் நீங்கள் மறுபடி 1962-க்குப் போய்விடுவீர்கள்.